அணியம் காற்றைப் பார்க்கட்டும்: காற்று நாளில் ஏரியில் சிறு மீன்பிடி படகைக் கையாளும் முறை

ஏரிதானே, கடலா என்ன என்ற துணிச்சலில் காற்று நாளில் படகை இறக்குபவர்கள் பலர். கடல் அலைகள் பெரும்பாலும் நீளமானவை. படகு ஏறி இறங்க அவகாசம் தரும். ஏரி அலைகள் குட்டையானவை, செங்குத்தானவை, நெருக்கமானவை. ஓர் அலையில் புதைந்த படகின் மூக்கு மேலே எழுவதற்குள் அடுத்த அலை வந்து அறைந்துவிடும். ஆழம் குறைந்த ஏரியில் இது இன்னும் கடுமை. காற்று எழும்பி அரை மணி நேரத்துக்குள் நீர்ப்பரப்பின் குணமே மாறிவிடக்கூடும்.

இந்த வழிகாட்டி 3 முதல் 5 மீட்டர் நீளமுள்ள திறந்த படகுகளுக்கானது. துடுப்பு, சிறிய அவுட்போர்டு மோட்டார் இரண்டுக்கும் பொருந்தும். படகின் முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கீழே வரும் எல்லா வழிமுறைகளுக்கும் அடிப்படை ஒன்றே: என்ன செய்வதென்று தெரியாதபோது அணியத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி, அப்படியே பிடித்து வையுங்கள். அணியம் உயரமானது, கூரானது, அலையைப் பிளப்பதற்கென்றே செய்யப்பட்டது. அமரம் தட்டை, தாழ்வு. குட்டைத் தண்டு மோட்டாருக்கான பின்பலகையின் உயரம் ஏறக்குறைய 38 செ.மீ.தான், அதிலும் ஒரு பகுதி நீருக்குள் இருக்கும். ஆளும் மோட்டாரும் எரிபொருள் தொட்டியும் அங்கேயே சேர்ந்தால், நீருக்கு மேலே மிஞ்சுவது ஒரு சாண் உயரமே. அலை எந்தப் பக்கமிருந்து வரலாம், எந்தப் பக்கமிருந்து வரக்கூடாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

போகலாமா, வேண்டாமா

வானிலை முன்னறிவிப்பில் இரண்டு எண்கள் இருக்கும்: சராசரி காற்று வேகம், இடையிடையே வீசும் பலத்த வீச்சின் வேகம். புதியவர்கள் முதல் எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். இரண்டாவதை வைத்து முடிவெடுங்கள். காற்று வேகம் இரு மடங்கானால் படகின் மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 15 கி.மீ. காற்றில் சமாளித்த கை, 30 கி.மீ. வீச்சில் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

கருவி எதுவும் இல்லாமலும் காற்றை அளக்கலாம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-இல் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்து, நீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்ணுரை தெரிந்தால் அது 3-ஆம் நிலை, மணிக்கு 12 முதல் 19 கி.மீ. புழுதியும் காகிதமும் பறந்து, சிறு கிளைகள் ஆடி, வெண்ணுரை அடிக்கடி தெரிந்தால் 4-ஆம் நிலை, 20 முதல் 28 கி.மீ. இலையடர்ந்த சிறு மரங்களே ஆடத் தொடங்கினால் 5-ஆம் நிலை. என் கருத்து இது: புதியவருக்கு 3-ஆம் நிலை பயிற்சிக்கான காற்று, 4-ஆம் நிலை கரையில் இருந்து மீன் பிடிப்பதற்கான காற்று. 5-ஆம் நிலையில் அனுபவசாலிகளும் சிறு படகை இறக்கத் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும்.

நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். வெயில் நாளில் அதிகாலையில் அடங்கியிருக்கும் காற்று, நிலம் சூடேறச் சூடேற முற்பகலில் வலுத்து, பிற்பகலில் உச்சத்தை எட்டும். காலையில் கண்ணாடியாகக் கிடந்த நீரை நம்பித் தொலைவுக்குப் போனவர்களுக்குத் திரும்பும் வழியில்தான் சோதனை. இடி கேட்டால் யோசிக்க எதுவுமில்லை, கரையேறுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. இடிமேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று மழைக்கு முன்பே வந்து மோதும். திடீரென்று உடம்பில் குளிர் பட்டால், அடுத்த சில நிமிடங்களில் காற்று அடித்துப் புரட்டும் என்று பொருள்.

அமைதியான கரை காட்டும் பொய்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து, அதாவது கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசுகிறது என்று வையுங்கள். உங்களுக்குப் பின்னால் மரங்களோ மேடோ இருக்கின்றன. அவை காற்றை மறைக்கின்றன. அலை வளரத் தேவையான நீர்ப்பரப்பும் உங்கள் முன்னால் இன்னும் தொடங்கவில்லை. ஆகவே காலடியில் தண்ணீர் சிலிர்க்கக்கூட இல்லை. படகை இறக்குகிறீர்கள். துடுப்பு போடாமலே படகு நகர்கிறது. இன்று எல்லாம் எளிது என்று தோன்றுகிறது. ஐந்நூறு மீட்டர் போனதும் மரங்களின் மறைவு தீர்ந்துவிடுகிறது. அங்கே அலை ஓடிக்கொண்டிருக்கிறது, காற்று உங்களை எதிர்க்கரைக்குத் தள்ளுகிறது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் ஒவ்வொரு மீட்டரையும் காற்றுக்கு எதிராகப் போராடித்தான் கடக்க வேண்டும்.

அலையின் உயரத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி அது ஓடிவரும் நீர்ப்பரப்பின் நீளம். ஆகவே கிளம்புமுன் ஏரியின் நடுவையும் எதிர்க்கரையையும் பாருங்கள்; முடிந்தால் பைனாகுலர் வைத்துப் பாருங்கள். தொடுவானக் கோடு நேராக இல்லாமல் பல் பல்லாகத் தெரிந்தால் நடுவில் நல்ல அலை இருக்கிறது.

திட்டத்தை இப்படி அமையுங்கள்: முதலில் காற்றுக்கு எதிராகப் போய், அங்கிருந்து காற்றோடு திரும்புவது. கை சோர்ந்தாலும் மோட்டார் நின்றாலும் காற்று உங்களைப் புறப்பட்ட கரைக்கே கொண்டுவரும். அதற்கு வழியில்லையென்றால், காற்று மறைவுள்ள கரையை ஒட்டியே மீன் பிடியுங்கள். நடு ஏரிக்குப் போக வேண்டாம். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கைவசம் என்பது பழைய கணக்கு. காற்று நாளில் இதை மீறவே கூடாது.

மீன் பிடிப்பவரின் ஆசை இந்தத் திட்டத்துக்கு எதிராகத்தான் இழுக்கும். காற்று நுண்ணுயிர்களைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்க்கும் கரையில் குஞ்சு மீன்கள் கூடும், அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வரும். கலங்கிய நீரில் அவை தயக்கமின்றி இரை எடுக்கும். ஆனால் அலை வந்து உடையும் கரையும் அதுவே. அங்கே மோட்டார் நின்றால் பாறையில் மோத ஒரு நிமிடம் போதும். அந்த மீன் வேண்டுமென்றால் அந்தக் கரைக்கு நடந்துபோய், தரையில் நின்று தூண்டில் வீசுங்கள்.

படகில் என்ன இருக்க வேண்டும்

லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், பட்டைகள் மாட்டியிருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் கிடக்கும் ஜாக்கெட்டை அலைக்கு நடுவில் எடுத்து அணிய முடியாது. மோட்டார் படகில், ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ மாட்டப்பட்டிருக்க வேண்டும். தனியாகப் போகிறவர் தவறி விழுந்தால் படகு வட்டமடித்து அவர் மேலேயே வரக்கூடும்.

மோட்டார் இருந்தாலும் ஒரு ஜோடி துடுப்பு, கயிற்றோடு கட்டிய வாளி, நங்கூரம், போதிய நீளக் கயிறு, கைக்கெட்டும் இடத்தில் கூரிய கத்தி, விசில், நீர் புகாத பையில் கைபேசி. பின்பலகையில் நீர் வடியும் துளையின் அடைப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். இவற்றோடு கூம்பு வடிவத் துணிப்பை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கயிற்றில் கட்டி நீரில் விட்டால் தண்ணீரால் நிறைந்து படகின் வேகத்தைக் குறைக்கும். இழுவைப் பை என்று இங்கே அழைக்கிறேன். அது இல்லாவிட்டால் வாளியே ஓரளவு உதவும்.

எடை எங்கே உட்கார வேண்டும்

கனமானவை கீழேயும் நடுவிலும். நங்கூரம், மீன் பெட்டி, தண்ணீர்க் கேன் எதுவும் உருளாதபடி கட்டிவையுங்கள். நிற்காதீர்கள். தூண்டில் வீசுவதும் மீனை வலையில் எடுப்பதும் உட்கார்ந்தபடியே நடக்கட்டும். ஒருவர் இடம் மாற வேண்டுமென்றால் குனிந்து, நடுக்கோட்டில், இரு கையாலும் பிடித்துக்கொண்டு, மற்றவர் அசையாமல் இருக்கும்போது மாற வேண்டும்.

தனியாகப் போகிறவர் ஒரு விஷயத்தைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். அமரத்தில் நீங்கள் உட்கார்ந்தால் அணியம் காற்றில் தூக்கிக்கொள்ளும். நீரைப் பிடித்திருக்கும் பகுதி பின்னால், காற்றுக்கு அகப்படும் பகுதி முன்னால். காற்று அணியத்தைப் பிடித்துத் தள்ளி, படகைத் தன் போக்குக்குத் திருப்பிவிடும். எவ்வளவு சுக்கான் பிடித்தாலும் காற்றுக்கு எதிரே நிற்காது. வேலை எளிது: தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேனையும் நங்கூரத்தையும் முன்பகுதிக்கு மாற்றுங்கள், மோட்டார் கைப்பிடிக்கு நீட்டுக்குழாய் பொருத்தி நடு இருக்கைக்கு வாருங்கள். படகு சற்றேறக்குறைய மட்டமாக, அணியம் இம்மியளவே உயர்ந்து மிதக்க வேண்டும். அளவுக்கு மீறி முன்னால் எடை வைத்தால் அணியம் அலைக்குள் புகும். காற்றோடு போகும்போது இது மிகவும் ஆபத்து. ஆகவே காற்றை எதிர்த்துப் போகும்போது எடை சற்று முன்னே, காற்றோடு திரும்பும்போது சற்றுப் பின்னே.

எதிர் அலையில்

நேர் எதிராகப் போனால் படகு அறையும். முழுக்கப் பக்கவாட்டாகப் போனால் கவிழும். அலைக்கு 30 முதல் 45 பாகை சாய்வாகப் போங்கள். ஏறும்போது சிறிது விசை கூட்டி, அலையின் உச்சியான முடியை நெருங்கும்போது குறைத்து, மறுபக்கம் மெதுவாக இறக்குங்கள். சுக்கானுக்குப் படகு கட்டுப்படும் அளவு வேகம் எப்போதும் இருக்க வேண்டும், அதற்குமேல் தேவையில்லை. துடுப்பு போடுகிறவர்கள் நீண்ட இழுப்பை விட்டு, குறுகிய, அடிக்கடியான இழுப்புக்கு மாறுங்கள். நீரை விட்டு வெளியே வரும் துடுப்பின் அலகை மட்டமாகத் திருப்பினால் காற்று அதைப் பிடித்துத் தள்ளாது.

பக்கவாட்டு அலையில்

போக வேண்டிய இடம் காற்றுக்குக் குறுக்கே இருந்தால் நேர்கோட்டில் போகாதீர்கள். காற்றை நோக்கி 45 பாகையில் கொஞ்ச தூரம், பிறகு திரும்பிக் காற்றோடு சாய்வாகக் கொஞ்ச தூரம் என வளைந்து வளைந்து போங்கள். தூரம் கூடும். பரவாயில்லை.

பின்னாலிருந்து வரும் அலையில்

காற்றோடு போவது சுகமாகத் தோன்றும். உண்மையில் இதுதான் மிகக் கவனம் வேண்டிய நிலை. அலை அமரத்தைத் தூக்கி அணியத்தைக் கீழே அழுத்தும். படகு சறுக்கிக்கொண்டு பக்கவாட்டாகத் திரும்பும். அடுத்த அலை பக்கத்தில் அடித்துக் கவிழ்க்கும். தப்பிக்கும் வழி, முன்னால் போகும் அலையின் முதுகில் நின்று அதன் வேகத்திலேயே போவது. முடியைத் தாண்டிப் பாயக்கூடாது. விசையைச் சட்டென்று முழுதும் குறைக்கவும் கூடாது. படகு எழுப்பிய அலையே பின்னால் வந்து பின்பலகையைத் தாண்டி உள்ளே கொட்டும்.

உங்கள் மோட்டாருக்கு அலையின் வேகம் இல்லையென்றால், அலைகள் உங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால், வீம்பு வேண்டாம். அணியத்தைக் காற்றுக்குத் திருப்பி, இழுவைப் பையை அணியத்திலிருந்து விட்டு, காற்று தள்ளும் போக்கில் மெதுவாகப் பின்னோக்கி மிதந்து போங்கள். கரை சேர நேரமாகும், ஆனால் தண்ணீர் உள்ளே வராது.

அலைக்கு நடுவே திரும்புதல்

எல்லா அலைகளும் ஒரே உயரம் அல்ல. பெரியவை சில சேர்ந்து வரும், பிறகு சற்று அடங்கும். வழக்கமான அலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உயரமுள்ள ஒன்றும் எப்போதாவது வரும். ஆகவே திரும்ப நினைத்ததும் திரும்பாதீர்கள். அணியத்தைக் காற்றுக்கு வைத்து, விசையைக் குறைத்து, வருகிற அலைகளை எண்ணுங்கள். பெரிய அலைக் கூட்டம் கடந்ததும் வருகிற தாழ்ந்த அலையைத் தேர்ந்தெடுங்கள். அதன் முடியில் படகு ஏறும்போதே சுக்கானை முழுக்கத் திருப்பி விசை கொடுங்கள். இரண்டு அலைகளுக்கு இடையிலான பள்ளத்திலேயே திருப்பம் முடிந்துவிட வேண்டும். பாதி திரும்பிய நிலையில் தயங்கி நிற்பதுதான் கவிழ்க்கும். உடன் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் திருப்புங்கள்.

நீரில் கருத்த திட்டு ஒன்று சிலிர்த்தபடி உங்களை நோக்கி நகர்ந்து வந்தால் அது பலத்த வீச்சு. அது கடக்கும்வரை திருப்பத்தைத் தள்ளிப்போடுங்கள். காற்றின் போக்கில் நீண்ட நுரைக்கோடுகள் வரிசையாக ஓடுவதையும் காண்பீர்கள். மேற்பரப்பு நீர் சோடி சோடியாகச் சுழல்வதால் உண்டாகும் கோடுகள் இவை. அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மியூர் 1938-இல் இதை விளக்கினார். கன்னத்தில் படும் காற்று குழப்பினாலும் இந்தக் கோடுகள் காற்றின் திசையைத் தெளிவாகக் காட்டும்.

நங்கூரம் போடுதல்

காற்று நாளில் நங்கூரத்தை அமரத்தில் கட்டுவது சிறு படகுகளை மூழ்கடிக்கும் தவறு. கயிறு இழுக்க, அமரம் தாழ, அலை நேராக உள்ளே ஏறும். பக்கத்தில் கட்டுவதும் அதே அளவு கெட்டது. அணியத்தில் மட்டும் கட்டுங்கள்.

1. மீன் பிடிக்க நினைக்கும் இடத்தைத் தாண்டிக் காற்றுக்கு எதிரே போங்கள். அணியம் காற்றைப் பார்க்க, படகை நிறுத்துங்கள்.

2. நங்கூரத்தை வீசாமல் கையால் இறக்குங்கள், மண்டியிட்டபடி. கயிற்றுச் சுருளுக்குள் கால் இருக்கக்கூடாது.

3. படகு பின்னோக்கி நகர நகரக் கயிற்றை விடுங்கள். நீரின் ஆழம் 3 மீட்டர், நீரிலிருந்து அணியத்தின் உயரம் அரை மீட்டர் என்றால் மொத்தம் மூன்றரை. காற்றில் அதைப் போல ஏழு மடங்கு, அதாவது ஏறக்குறைய 25 மீட்டர் கயிறு வேண்டும். கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரம் மண்ணில் பதியாமல் மேலே இழுபடும்; அணியமும் அலையோடு எழ முடியாது. கயிற்றின் முனையில் இரண்டு மீட்டர் சங்கிலி இருந்தால் பிடிப்பு கூடும்.

4. கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரு பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு கம்பமும் போல. அவை விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது.

எடுக்கும்போது கயிற்றைக் கட்டியிழுத்துப் படகைக் கொண்டுபோவதைவிட, மோட்டாரில் மெதுவாக முன்னேறி, கயிறு செங்குத்தானதும் தூக்குவதே நல்லது. சிக்கிக்கொண்டால் பக்கவாட்டில் நின்று மல்லுக்கட்டாதீர்கள். கத்தி எதற்கு இருக்கிறது? நங்கூரம் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

மோட்டார் நின்றால்

முதலில் நங்கூரம், பிறகு மோட்டார். மூடியைத் திறந்து பழுது பார்க்கும் சில நிமிடங்களில் படகு பக்கவாட்டாகத் திரும்பிக் கரையை நோக்கி ஓடியிருக்கும். ஆழத்தால் நங்கூரம் எட்டாவிட்டால் இழுவைப் பையை அணியத்திலிருந்து விடுங்கள்.

உள்ளே சேரும் தண்ணீரை உடனுக்குடன் இறையுங்கள். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத் தரையில் 10 செ.மீ. நீர் நின்றால் அது 300 கிலோ. படகு சாயும் பக்கமெல்லாம் அந்த 300 கிலோவும் ஓடிச் சேரும்.

அலை அடிக்கும் கரையில் இறங்குதல்

மறைவான கரை எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே போய், நடந்து திரும்புங்கள். வேறு வழியில்லாதபோது நேராக அணியத்தைக் கரையில் ஏற்றினால், அமரம் அலையைப் பார்த்து நிற்கும். நான்கு அலையில் படகு நிரம்பிவிடும். இதற்கு ஒரு முறை உண்டு. கரைக்கு 20, 30 மீட்டர் முன்பே அணியத்தை அலைக்குத் திருப்பி நங்கூரத்தை இறக்குங்கள். மோட்டாரை நிறுத்தித் தூக்கிவிட்டு, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடி பின்னோக்கிக் கரையை அணுகுங்கள். இடுப்பளவு நீருக்கு வந்ததும் ஒருவர் பக்கவாட்டில் இறங்கலாம். படகுக்கும் கரைக்கும் நடுவில் மட்டும் நிற்காதீர்கள். அலை படகைத் தூக்கி உங்கள்மீது எறியும். பொருள்களை இறக்கிய பிறகு கயிற்றைத் தளர்த்திப் படகை இழுத்துக் கரையேற்றுங்கள்.

படகுத்துறையை அணுகும்போதும் காற்றுக்கு எதிராகவே வாருங்கள். காற்றே வேகத்தைத் தணித்துக் கொடுக்கும்.

கவிழ்ந்துவிட்டால்

படகை விட்டு நீந்தாதீர்கள். கரை பக்கத்தில் தெரிந்தாலும் அலையில் அது எட்டாத தூரம். தேடி வருபவர் கண்ணுக்குக் கவிழ்ந்த படகு தெரியும், ஒரு தலை தெரியாது. நீர் மிகவும் குளிராக இருந்தால் முதல் நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் திணறும். அது தணியும்வரை படகைப் பற்றிக்கொண்டு மிதக்க மட்டும் செய்யுங்கள். அடுத்த பத்து நிமிடம் வரை கைகால்கள் சொன்னபடி கேட்கும். படகின் மேல் ஏறுவதோ கயிற்றைக் கட்டிக்கொள்வதோ அதற்குள் முடிய வேண்டும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை விசில் ஊதுங்கள்.

பயிற்சி

இவற்றையெல்லாம் முதன்முறையாக நெருக்கடியில் செய்து பார்க்கக்கூடாது. 3-ஆம் நிலைக் காற்று ஏரியிலிருந்து கரையை நோக்கி வீசும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். நீர் வெதுவெதுப்பாக, அடி மணலாக இருக்கட்டும். தெரிந்தவர் ஒருவர் கரையில் இருக்கட்டும். தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நங்கூரத்தைப் போட்டு எடுங்கள், மோட்டாரை நிறுத்தித் துடுப்பில் காற்றை எதிர்த்துப் போங்கள், எடையை முன்னும் பின்னும் மாற்றி அணியம் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். பிறகு மார்பளவு நீரில், மோட்டாரை அணைத்துவிட்டு, ஜாக்கெட்டோடு இறங்கி மீண்டும் படகில் ஏறுங்கள். பக்கவாட்டில் ஏறினால் படகு உங்கள் பக்கம் சாயும். பின்பலகையைப் பிடித்து, மோட்டார் இல்லாத ஓரமாக, காலால் உதைத்து வயிற்றால் சரிந்து ஏறுங்கள். கை வலுப் போதவில்லையென்றால், கயிற்றில் ஒரு கண்ணி போட்டுப் பின்பலகையிலிருந்து முழங்காலளவு ஆழத்துக்குத் தொங்கவிடுங்கள். அதில் பாதத்தை வைத்து ஏறலாம். அந்தக் கண்ணியை நிரந்தரமாகக் கட்டி, தண்ணீரில் இருந்தபடியே கைக்கு எட்டும் இடத்தில் சுருட்டி வையுங்கள்.